குடத்தில் நின்ற கருவி

ஓடைப்பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர் கோபால்சாமி ஐயா அவர்களே! சாமை அறுப்பை நிறுத்திவிட்டு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் முகம் சுளித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் சசிகலா. அரிசி ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்குக் காவல் நிற்பவள். நெல் ஊறிய நீரால் ஓடை நாறியது, ஊர் கொதித்தது. அப்போது வந்தது அந்தக் கருவி. தொட்டிக்குள் தொங்கி, நிமிடந்தோறும் அழுக்கை அளந்து கணினிக்குச் சொல்லும். அழுக்கென்றால் கணினி மதகை மூடும், தெளிந்தால்தான் திறக்கும். இரண்டாண்டாக ஓடை நாறியதா? மாடு தண்ணீர் குடிக்க மறுத்ததா? இல்லையே!

பிறகு வந்தது ஆயுத பூஜை. கருவியை எடுத்தேன், கழுவினேன், சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுத்து வேலை வாங்கலாமா? மனம் வரவில்லை. முனை காய்ந்துவிடக் கூடாதென்று நல்ல தண்ணீர்க் குடத்தில் நிறுத்தினேன். கருவி குடத்து நீரை அளந்தது. தொட்டிதான் தெளிந்துவிட்டதென்று கணினி நம்பியது, மதகைத் திறந்தது. தேங்கிய கழிவெல்லாம் ஓடையில் இறங்கியது. முனிசாமி அண்ணனின் முக்கால் ஏக்கர் நாற்று அழுகியது.

அதோ, அண்ணனே கேட்கிறார்: "ஏம்மா, மெஷினே பொய் சொன்னா யாரத்தான் நம்பறது?"

அண்ணா, அது கண்டதைத்தான் சொன்னது. காணக்கூடாத இடத்தில் நிறுத்தியவள் நான்.

அதைப் பிடுங்கி எறியத் தீர்மானம் வந்திருக்கிறது. எறிந்தால் ஆலை நிற்குமா? அழுக்கு நிற்குமா? நமக்குத் தெரிவதுதானே நிற்கும்! எனக்குப் பயமாக இருக்கிறது. இனி நாற்று அழுகிய பிறகுதான் நமக்குத் தெரியுமா? ஓடையில் இன்னொரு கருவி வைக்கவும், அது காட்டும் அழுக்கின் எண்ணை உங்கள் ஒவ்வொருவர் செல்போனுக்கும் அனுப்பவும் ஆலை எழுதிக் கொடுத்திருக்கிறது. என் ஒருத்தி கண் போதாது, ஊரே பார்க்கட்டும். எறியாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். இன்னா சொல்றீங்க அண்ணா?

"எம் மடையிலயே வைம்மா. நம்பர் ஏறுச்சின்னா மொதல்ல உன் வூட்டுக் கதவத்தான் தட்டுவேன்."

தட்டுங்கள் அண்ணா. அந்தப் பயம் எனக்கு வேண்டும். திட்டாமல் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.