உறைமோருக்கு வாற வழி

அதிலை வையாதையும் தம்பி, அந்தக் கல்லை. ஓம், உம்மைத்தான். சாந்துக் கரண்டியைக் கீழை வைச்சிட்டு இந்தத் தேத்தண்ணியைக் குடியும். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக்கொள்ளும். சங்கக்கடையிலை சீனியைக் கண்டு எத்தினை நாள்!

ஐயா முழுக்க அடைக்கச் சொன்னவரோ? சொல்லுவார் என்ரை மனுசன். கொழும்பிலை கந்தோர் உத்தியோகக் கதிரையிலை இருந்துகொண்டு கொக்குவில் வேலிக்குச் சட்டம் போடுறது லேசுதானே. ஒழுங்கை முழுக்க மதிலாம், எங்கடை வளவு மட்டும் கிடுகு வேலியோடை நிக்கிறது வெக்கமாம். முன்வீட்டு ஆழ்வாப்பிள்ளையர் மதிலுக்கு மேலை உடைஞ்ச போத்திலும் பதிச்சிருக்கிறார். அவரிட்டைக் களவெடுக்க என்ன கிடக்கு, அவற்றை மூக்குக்கண்ணாடியோ?

கட்டும், நான் வேண்டாமெண்டே சொன்னனான்? கிணத்தடிப் பக்கம் வேலியிலை ஒரு பொட்டு இருந்ததெல்லே, ஆள் குனிஞ்சு வாற அளவுக்கு. மதிலிலும் அந்த இடத்தை மட்டும் விடும் எண்டுறன்.

ஆர் வாறதோ? பக்கத்துவீட்டு இரத்தினமக்கா. விடியக் காலமை நான் முகம் கழுவ முந்தியே சிரட்டையோடை வந்து நிப்பா. பிள்ளை, கொஞ்சம் உறைமோர் தாவன். ஒவ்வொரு நாளும் தம்பி! மழையெண்டால் தலையிலை சுளகைக் கவிட்டுக்கொண்டு வருவா. குடுத்தாலும் போகமாட்டா. அடுப்பு மூட்டேல்லையோ, தலை இழுக்கேல்லையோ, உது நேத்தையான் சீலையெல்லோ எண்டு விசாரணை. நான் கன்னியாஸ்திரிமாரிட்டைப் படிச்சனான். எங்கடை மதர்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

ஒருநாள் பொறுக்கேலாமல் மோர்ச்சட்டியை அப்பிடியே தூக்கிக் குடுத்திட்டன், ஒரு கிழமைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாதையுங்கோ எண்டு. அடுத்தநாள் விடிய வாறா, சிரட்டையோடை! சட்டியைப் பூனை தட்டிப்போட்டுதாம். அந்த வீட்டிலை பூனையே இல்லை.

சிரியாதையும். வந்த எரிச்சலுக்கு நானே மதில் கட்டியிருப்பன்.

நீர் எங்கடை மீனாம்பிகையைக் கண்டிருக்கமாட்டீர். ஒரே பெட்டை. போன பங்குனியிலை காய்ச்சல் எண்டு படுத்தவள்தான். செத்தவீட்டுக்கு ஊரே திரண்டு வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிய, அவரவர் தங்கடை படலையைச் சாத்திக்கொண்டு போட்டினம். பிழை சொல்லேல்லை, ஒரு றாத்தல் பாணுக்கு விடியவே வரிசையிலை நிக்கிற காலம், ஆர் ஆரைப் பாக்கிறது? அவரும் லீவு முடிஞ்சுதெண்டு கொழும்புக்குக் கோச்சியேறிட்டார். துக்கத்தை ஒளிக்க அவருக்கு ஒரு கந்தோராவது கிடக்கு. எனக்கு இந்தக் குசினியும் அடுப்பும்தானே.

பிறகு ஒரு விடியக்காலமை உந்தக் கிணத்துக்கட்டிலை போய் இருந்தனான். தண்ணி அள்ள இல்லை. வாளி வீட்டுக்குள்ளை கிடந்தது. வேலிப் பொட்டுக்குள்ளாலை முதல் ஒரு சிரட்டை வந்துது, பிறகு இரத்தினமக்கான்ரை தலை. என்னைப் பாத்தா, என்ரை வெறுங்கையைப் பாத்தா. என்ன ஏது எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. பிள்ளை, கொஞ்சம் உறைமோர் தாவன் எண்டா. வீடு தேடி வந்து கேட்ட ஆளுக்கு எப்பிடி இல்லையெண்டுறது? எழும்பிப் போய், சட்டியிலை புளிச்சுக் கிடந்ததை ஊத்திக் குடுத்தன். நாளைக்கும் வேணும் எண்டிட்டுப் போட்டா.

நாளைக்கு மோர் வேணுமெண்டால் இண்டைக்குப் பால் காய்ச்சி உறை ஊத்தவேணும், என்ன? ஊத்தினன். அண்டையிலையிருந்து ஊத்திக்கொண்டிருக்கிறன். வேறை வழி? விடிஞ்சால் வந்து நிக்கிறா.

என்ன, அவவுக்கு மோர் எடுக்க வேறை இடமில்லையோ? உங்கை மாடு கத்துறது கேக்குதே? அது அவவின்ரை. ரெண்டு மாடு கறக்குது. பின்னேரத்திலை எனக்குப் பால் கொண்டுவந்து ஊத்துறதும் அவதான்.

சரி, கதை காணும், தேத்தண்ணி ஆறுது. ஐயா கேட்டால் நான் சொல்லிக்கொள்ளுறன். அந்தக் கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி வையும். அவ மெலிஞ்ச மனுசியில்லை.