தொரையும் கதவும்

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ். எங்கே இறங்குவதென்று முடிவில்லாமல் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள் கேட்டாள்:

“மதினி, உங்க லயத்து வீடுகளை வெள்ளைக்காரன் வாங்கிட்டானாமே? ஓட்டலாக்கப் போறானாம்ல?”

“ஆமா, லண்டன்காரன். சின்ன வயசுல வீடு வீடா கதவு மாட்டித் திரிஞ்சவனாம். அப்புறம் பழைய வீடுகளை வாங்கி, சரி பண்ணி வித்து, இப்ப தெரு தெருவா வாங்குறானாம்.”

“நீங்க ரிட்டயராகியும் அங்கதான இருக்கீக? காலி பண்ணச் சொல்லிட்டானா?”

“அவன் லயத்தைப் பாக்க வந்தப்ப, இருக்க விடுங்கன்னு கேக்கத்தான் போனேன். ‘தொரை, தொரை’ன்னு கூப்பிட்டேன். அவன் என் வீட்டுக் கதவைப் பாத்தான்.”

“கதவை எதுக்கு?”

“அவுக பாஷையில கதவுக்கு டோராம்ல! குனிஞ்சு கீலை ஆட்டிப் பாத்து, தலையில அடிச்சுக்கிட்டான். மறுவாரமே ஆளுக வந்து புதுக் கதவு மாட்டிட்டுப் போனாக.”

இளையவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

“சரி மதினி, இருக்கணுமா போகணுமா? அதைச் சொல்லலையா?”

“சொல்லலையே.” மூத்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புதுச் சாவியைக் காட்டினாள். “பூட்டுக்கு ஒத்தச் சாவிதானாம். எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாக.”