செங்கழுத்துப் பட்டியில் ஒரு கறுப்புக் கிடா

— காலையில இருந்து கறுப்புக் கிடா சத்தமே காணோமே பூரி அப்பா. எங்க கட்டுனீங்க?

— எங்க கட்டுவாங்க? கிணத்தடியிலதான்.

— இப்பத்தானே கிணத்துல இருந்து ரெண்டு குடம் தூக்கிட்டு வந்தேன். அங்க கயிறு கூட இல்ல.

— அப்ப பின்னால வேலியோரம் நிக்கும். ராம்பி, நீ முதல்ல கறந்து முடி. பதினோரு மணிக்கு ஆட்டுச் சங்கத்துக்காரங்க வர்றாங்க. தலைவர் வேஜாபாய் கம்பாளியாவுல இருந்து நேர்ல வர்றாரு. அந்த மனுஷன் நம்ம முற்றத்துல கால் வைக்கிறதுன்னா சும்மாவா?

— வரட்டும், டீ போட்டுத் தர்றேன். அதுக்காக நீங்க ஏன் வாசலுக்கும் பட்டிக்கும் பத்து தடவை நடக்கிறீங்க? ஆடு மிரளுது. பால் இறங்க மாட்டேங்குது.

— சும்மா ஒரு பார்வை பார்த்தேன். ஒம்பது ஆடு, ஒம்பது குட்டி. பதினெட்டும் கழுத்து வரைக்கும் செம்பட்டை, தோளுக்குப் பின்னால கரிக்கறுப்பு. கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி. பார்த்தாலே வயிறு நிறையுது.

— உங்களுக்கு வயிறு நிறையுது, எனக்குச் சொம்பு நிறையலையே. இந்தா, இந்தக் கிழவி இன்னைக்கு முக்கால் லிட்டர் குடுத்திருக்கா. இதுலதான் நம்ம பொண்ணு பூரிக்கு ஒரு டம்ளர், தயிருக்கு, டீக்கடைக்கு. இன்னைக்கு உங்க தலைவருக்கு வேற.

— எப்பப் பாரு பால், பால். நிறம் இருந்தாத்தான் இனம். இனம் இருந்தாத்தான் சங்கத்து இனப் பதிவுப் புத்தகத்துல பேரு.

— சங்கத்துல சொன்னாங்களாக்கும்.

— ஆமா, சங்கத்துலதான் சொன்னாங்க. செங்கழுத்துப் பட்டின்னு புத்தகத்துல ஏறிட்டா நம்ம குட்டிய எவனும் கறிக்குக் கேக்க மாட்டான், வளர்க்கத்தான் கேப்பான். ஜுனாகட்ல இருந்து வருவான், போர்பந்தர்ல இருந்து வருவான். ஆனா ஒண்ணு. பட்டியில ஒரே ஒரு உருப்படி நிறம் மாறி நின்னாலும் எழுத மாட்டாங்க. கதை முடிஞ்சது.

— அதனால?

— அதனால ஒண்ணுமில்ல. நீ கறந்து முடி.

— பூரி அப்பா, நான் ஒண்ணு கேக்கிறேன். கல்யாணத்தன்னைக்கு எங்க அம்மா எனக்கு என்ன குடுத்து அனுப்புனா?

— ஆரம்பிச்சிட்டியா.

— சொல்லுங்க.

— கருக்கிய.

— கருக்கிதான். உடம்பு முழுக்க ஒரு வெள்ளை முடி கிடையாது. உங்க வீட்டு வாசல்ல அவ இறங்குனதும் உங்க அண்ணன் என்ன சொன்னாரு? பொண்ணு சிவப்பு, ஆடு கறுப்பு, மாத்திக் குடுத்துட்டாங்கன்னு. ஊரே சிரிச்சிது. மறுநாள் காலையில நான் கறந்து கொண்டுவந்து வச்சேன். ரெண்டு லிட்டர், ஒரு வேளைக்கு. அப்ப யாராவது சிரிச்சீங்களா?

— பாலை யாரு குறை சொன்னா? கருக்கி மாதிரி ஆடு நான் பார்த்ததில்ல. பூரி உங்கிட்டப் பால் இல்லாம கத்துனப்ப அவ பாலக் குடிச்சுத்தான் வளர்ந்தா. இல்லேங்கல.

— எங்க அப்பாவோட கறுப்புக் கிடாவுக்கு அவ மூணு குட்டி போட்டா. மூணும் கறுப்பு. ரெண்டு பொட்டையையும் நீங்க வியாபாரிக்கு ஏத்திவிட்டீங்க. நான் அழுதேன். நிறம் கெடுதுன்னீங்க. பொறந்த வீட்டுல இருந்து வந்த ஆடும் அது வயித்துல பொறந்ததும் பொண்ணுக்குச் சொந்தம்னு உங்க அம்மாவே எங்க அப்பா முன்னாடி சொன்னது. நான் ஒரு நாளாவது அதச் சொல்லிச் சண்டைக்கு வந்தேனா?

— வரல.

— போன மழையில கருக்கியும் செத்துட்டா. இப்ப அவளோட ரத்தம்னு இந்த உலகத்துல இருக்கிறது அந்த ஒரு கிடாதான். இந்த வருஷம் அவன பட்டியில விடுங்க. ஒரே ஒரு வருஷம். நான் வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட? கொலுசு கேட்டேனா?

— புரியாமப் பேசாத. கறுப்புக் கிடாவ விட்டா பட்டி முழுக்கக் கறுப்பாத்தான் விழும்.

— விழாது. எங்க அப்பா பட்டியில கண்ணால பார்த்திருக்கேன். பரம்பரையா செங்கழுத்தாவே வந்த ஆட்டுல கறுப்புக் கிடா சேர்ந்தா குட்டி செங்கழுத்துதான். அந்த நிறம் அவ்வளவு அழுத்தம். கறுப்பு உள்ள போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் அந்தக் குட்டிங்களுக்குள்ளயே சேர்த்துவிட்டாத்தான் எட்டிப் பார்க்கும். ஆனா பால் ஒளிஞ்சுக்காது பூரி அப்பா. மடியில வந்து நிக்கும்.

— ஆஹா. சங்கத்துல டாக்டர் வந்து படம் போட்டுச் சொன்னாரு. உங்க அப்பா அதுக்கும் மேல.

— எங்க அப்பா படம் போடல. நாப்பது வருஷம் மேய்ச்சாரு.

— சரி, விடு. இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?

— எதுக்கா? கறுப்பன் எங்க?

— சொன்னேனே.

— வேலியோரமும் இல்ல. இங்க இருந்தே தெரியுது. என் முகத்தப் பார்த்துச் சொல்லுங்க.

— நீ ஆட்டு மடியில கைய வச்சுக்கிட்டு இப்படிக் கேட்டா நான் எப்படிச் சொல்றது?

— கைய எடுத்துட்டேன். சொல்லுங்க.

— குடுத்துட்டேன்.

— யாருக்கு?

— விடியற்காலம். நீ ரொட்டி தட்டிக்கிட்டு இருந்த. வேஜாபாய் ஆளு வண்டியோட வந்தான். மாத்துக்கு மாத்து. அவர் தன்னோட செங்கழுத்துக் கிடா ஒண்ணு நமக்கே நமக்குன்னு தர்றாரு. போன வருஷம் மாதிரி இரவல் இல்ல ராம்பி, சொந்தம். இன்னைக்கு வர்ற வண்டியிலயே வருது. நாளைக்கே பட்டியில விடலாம்.

— எனக்குச் சொல்லாம.

— சொன்னா நீ விட்டிருப்பியா?

— எனக்குச் சொல்லாம. அவன் என் கையில சோளம் தின்னு வளர்ந்தவன்.

— அழாத. ராம்பி, அழாத. ஆடு பார்க்குது.

— பார்க்கட்டும். அவன என்ன பண்ணப் போறாராம் உங்க தலைவர்?

— கறுப்புக் கிடாவ அவர் என்ன பண்ணுவாரு? ராஜ்கோட் போற லோடுல ஏத்திவிட்டுடுவேன், உனக்கு எதுக்குச் சங்கடம்னாரு. நல்ல மனுஷன். நானே வியாபாரிக்கு ஏத்தணும்னா எனக்கு மனசு வருமா? அதையும் அவரே ஏத்துக்கிட்டாரு.

— கறிக்கு.

— அந்த வார்த்தைய ஏன் சொல்ற?

— நீங்கதானே லோடுன்னீங்க. சரி. வந்த ஆளு எடை பார்த்தானா?

— எடையா? இல்ல.

— முதுகத் தட்டிப் பார்த்தானா? தொடையில கறி எவ்வளவுன்னு அமுக்கிப் பார்த்தானா?

— அப்படியெல்லாம் ஒண்ணும் பண்ணல.

— பின்ன என்ன பண்ணினான்?

— அவன் என்ன பண்ணினான்... வாயத் திறந்து பல்லப் பார்த்தான். பின்னால குனிஞ்சு விதைய ரெண்டு கையிலயும் ஏந்திப் பார்த்தான். நடக்கவிட்டுப் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

— என்ன கேட்டான்?

— இவன் அம்மா ஒரு வேளைக்கு எவ்வளவு கறந்தான்னு கேட்டான்.

— நீங்க சொன்னீங்க.

— ரெண்டு லிட்டர்னேன். தலைவர் சொன்னது சரிதான்னு தலையாட்டிக்கிட்டான்.

— தலைவருக்கு எப்படித் தெரியும்?

— போன வருஷம் இரவல் கிடாவ விட வந்தப்ப இங்க உட்கார்ந்து டீ குடிச்சாரே. நீ கருக்கியக் கறந்துக்கிட்டு இருந்த. சொம்பையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

— நெத்தியில பொட்டு வச்சீங்களா?

— வச்சேன்.

— கறிக்குப் போற கிடாவுக்கு எந்த ஊர்ல பொட்டு வைக்கிறாங்க?

— அந்த ஆளுதான் கேட்டான். குங்குமம் வச்சு அனுப்புங்க, தலைவர் சொன்னாருன்னான்.

— இன்னொரு பட்டிக்கு மாப்பிள்ளையாப் போற கிடாவுக்குத்தானே பொட்டு வைக்கிறது. உங்களுக்கு அது கூடவா தோணல?

— இரு. இரு ராம்பி. ஒரு நிமிஷம் இரு.

— நான் எங்கயும் போகல.

— நிறம், நிறம்னு மேடைக்கு மேடை பேசுறவன். என் பட்டியில கறுப்பு நின்னாப் புத்தகத்துல எழுத மாட்டேன்னவன். அவன் லோடுல ஏத்தல. தன் பட்டிக்குள்ள விட்டுட்டான்.

— விட்டிருப்பாரு.

— நாலு வருஷம் அவன் பின்னால பை தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். கூட்டத்துக்கு நாற்காலி போட்டேன். குலதெய்வம் மாதா மேல ஆணை, நான் போய் இழுத்துட்டு வர்றேன். சைக்கிள் எங்க?

— என்னன்னு கேப்பீங்க? பொட்டு வச்சு அனுப்புன கிடாவத் திரும்பக் கேட்டவன் நம்ம சாதியில உண்டா? நாளைக்குப் பூரிக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனா கதவத் திறப்பாங்களா?

— அதுக்குத்தான் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கான்.

— அதுக்குத்தான்.

— நான் மடையன் ராம்பி.

— மடையன் இல்ல. ஆசப்பட்டீங்க.

— நீ கெஞ்சுன. இந்த வருஷமும் கெஞ்சுன, போன வருஷமும் கெஞ்சுன. உன் அம்மா குடுத்தது, நான் என் கையால பொட்டு வச்சு... என்னைத் திட்டு. நல்லாத் திட்டு.

— டீ சூடு பண்ணட்டுமா?

— எனக்கு டீ இறங்காது. அந்தா, சாலை முக்குல தூசி தெரியுது. அவங்க வண்டிதான்.

— உட்காருங்க. முகத்தத் துடைங்க.

— அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? வந்து உட்கார்ந்து புத்தகத்தப் பிரிப்பான். ஒவ்வொரு குட்டிக்கும் அப்பன் எதுன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒம்பது கட்டத்துலயும் தன் கிடா பேர மார்தட்டி எழுதுவான். நானும் பல்லக் காட்டிக்கிட்டு நிப்பேன். என்ன பண்றது, நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது அவன் கிடாவோட குட்டிங்கதான். நாப்பது நாள் இரவல் வாங்கியாந்து விட்டேனே.

— அந்த நாப்பது நாளும் மேய்ச்சலுக்குப் போனது யாரு?

— நீதான். நான் சங்க வேலையா ஊர் ஊரா அலைஞ்சேன். எதுக்குக் கேக்கிற?

— கறுப்பனும் கூடத்தானே மேய வந்தான்.

— வந்தான். அதனாலதானே வயித்துல கச்சை கட்டிவிட்டேன். தினமும் காலையில என் கையாலதான் கட்டுவேன். அந்தத் துணி கீழ தொங்குற வரைக்கும் எந்தக் கிடாவும் தாவலாமே தவிர சேர முடியாது. சாயந்தரம் பட்டிக்கு வரும்போதும் பார்ப்பேன். முடிச்சு அப்படியே இருக்கும்.

— காலையில இருந்தது, சாயந்தரமும் இருந்தது. நடுவுல பகல் முழுக்க அந்தக் கச்சையக் கட்டிக்கிட்டு மேய்ஞ்சது வேஜாபாய் கிடா.