விட்டுப்போன வரி

எனக்குச் சர்க்கரை வேண்டாம். மற்றதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், மேடம். விசாரணைக் குழுவில் உங்களுக்குத்தான் கணினி பழக்கமில்லை என்றார்கள். எளிமையாகவே சொல்கிறேன்.

நான் இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். நோயாளிகளின் விவரமெல்லாம் கிளவுடில், அதாவது இணையம் வழியாகப் போய்ச் சேரும் வெளிக் கணினியில், ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. பரிசோதனைக்கு வர வேண்டியவர்களுக்கு அது தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும். இறந்தவர்களுக்கு அனுப்பாது. அந்த அளவுக்கு அதற்கு இங்கிதம் உண்டு.

என் மனைவிக்குச் செவ்வாய்தோறும் வரும். பெயரைப் போட்டு, 'தவறாமல் வரவும்' என்று.

"உன் மெஷினுக்கு இருக்கற அக்கறைகூட உனக்கு இல்ல," என்பாள். "ஊரையே எழுப்பி ஆஸ்பத்திரிக்கு வரவைக்கிற. உன்ன எழுப்ப மட்டும் நான் வேணும்."

அவள் இங்கேதான் இறந்தாள். செய்தி நின்றது. அவள் போனை நான் சார்ஜிலேயே வைத்திருந்தேன்.

ஒரு சின்ன நிரல் எழுதினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். முதலில் கிளவுட் கதவைத் திறக்கவில்லை. சம்பந்தி வீடு மாதிரி, முன்கூட்டியே சொல்லாமல் போனால் உள்ளே விடாது. அனுமதிப் பட்டியலில் என் கணினியின் முகவரியைச் சேர்த்து, கடவுச்சொல் கொடுத்தேன். 'இணைந்தது' என்றது. பிறகு ஒரே கட்டளை: 'இறந்தார்' என்ற குறிப்பை நீக்கு. யாருக்கு மட்டும் என்று சொல்லும் வரி அதில் இல்லை. அதனால் எல்லோருக்கும் நீக்கிவிட்டது.

மறுநாள் பதிவு கவுன்ட்டர் அக்கா கூப்பிட்டார்.

"என்னடா தம்பி, செத்தவங்களுக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் குடுத்திருக்க? உசுரோட இருக்கறவங்களையே டாக்டருங்க பாத்து முடிக்கல!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் போனபோது அவர் சிரிக்கவில்லை. கவுன்ட்டரில் ஓர் அம்மா நின்றிருந்தார். கையில் மகனின் சட்டை, இஸ்திரி போட்டது.

"அன்னைக்கு மூஞ்ச மூடித்தான குடுத்தீங்க? அது வேற யாரோதான? மெஷின் பொய் சொல்லுமா?"



காப்புப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கலாம். இந்தக் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். பிரதி பழுதாகிவிட்டது என்றேன். அதை அழித்தவனும் நான்தான். அதனால் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. அந்த அம்மாவும் செவ்வாய்தோறும் வருகிறார். வெளியே பெஞ்சில் பார்த்திருப்பீர்கள். சட்டையில் ஒரு பொத்தானைப் புதிதாகத் தைத்திருக்கிறார்.

கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதப் போகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் 'யாருக்கு மட்டும்' என்ற அந்த வரியை நான் ஒருநாளும் மறந்ததில்லை. என் மனைவிக்கு மட்டும் செய்தி வந்திருந்தால், அனுப்பியது நான் என்று எனக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் வந்தால் அது ஆஸ்பத்திரி அனுப்பியது.

இன்று செவ்வாய்க்கிழமை. கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாமா, மேடம்? அவளைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காக்க வைத்தால் நாள் முழுக்கக் கேலி செய்வாள்.