பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க

— கேஸ் சுத்தமா இல்ல ஃப்ளோரா டீச்சர்.

— ஆமாம்ப்பா, காலையில பேப்பர்ல பாத்தேன். மூடிட்டாங்களாம்.

— இன்னாத்த மூடிட்டாங்க? நான் ஏசி கேஸைச் சொல்றேன்.

— அடடா... நான் ரயில்ல குண்டு வெடிச்ச கேஸைச் சொல்றேன். இத்தனை வருஷம் தேடிட்டு, வெச்ச ஆள் கிடைக்கலன்னு கையை விரிச்சுட்டாங்க... என்ன காஷிஃப், ஸ்பேனரைப் போட்டுட்டே?

— கை வழுக்கிச்சு. அந்தக் கேஸு உங்களுக்கு இன்னாத்துக்கு...

— அதே பெட்டியில வந்தவ நான். இந்தக் காது அன்னிக்குப் போனதுதான். ஏணி மேல நின்னு முணுமுணுன்னு பேசினா கேக்காது.

— சரி டீச்சர். ஏணிய நல்லா புடிச்சுக்கோங்க.

— பிடிச்சிட்டுதான் இருக்கேன். தரமணியில மக ஜொவிட்டா வீடு. மந்தைவெளி ஸ்டேஷன் இங்கேர்ந்து ரெண்டு தெரு தள்ளி. இருந்தும் ஆட்டோலதான் போறேன். அவ கிண்டல் பண்ணுவா.

— யாரு மேல... போலீஸ்காரங்களுக்கு யாரு மேல டவுட்டு?

— எதிர் சீட்டுப் பையன் மேல. வழியில ஒரு ஸ்டேஷன்ல நின்னுது. "ஆன்ட்டி, பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, தண்ணி புடிச்சுக்கினு வந்துடறேன்"னு இறங்கினான். கதவோரம் வெடிச்சுது. அவன் திரும்பி வரல.

— பயந்துகினு ஓடியிருப்பான்.

— இருக்கலாம்.

— அப்பால டிவியில, பையை வெச்சுட்டு ஓடினவனைத் தேடறாங்கன்னு சொல்லியிருப்பான். எப்டி வருவான் டீச்சர்?

— நல்லா யோசிக்கிறே. அந்த ஸ்க்ரூவையும் மாட்டு.

— மாட்டிக்கினுதான் கீறேன்... மூஞ்சி ஞாபகம் கீதா?

— என்னது?

— மூஞ்சி. அவன் மூஞ்சி.

— ஞாபகம் இல்லன்னுதான் போலீஸ்ல சொன்னேன். எத்தனை தடவை கூப்பிட்டுக் கேட்டாலும் அதேதான்.

— சொன்னீங்களா... நிஜமாவே இல்லியா?

— டீச்சரையே கேள்வி கேக்கறியா? உன் போன் அடிக்குது பாரு.

— எங்கம்மாவாத்தான் இருக்கும். துன்னியா, துன்னியான்னு கேட்டுக்கினே இருக்கும்.

— கொடுத்து வெச்சவன். அம்மா பேரு என்ன?

— கமர் ஜஹான்.

— கமர் ஜஹானா?

— டீச்சர்? ஏணி ஆடுது.

— பிடிச்சிட்டேன்... பிடிச்சிட்டேன். காஷிஃப், மேலயே நில்லு. கை நீட்டினா பரண் எட்டுமா?

— எட்டும். இன்னா வேணும்?

— கிறிஸ்மஸ் ஸ்டார் இருக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு நீலப் பை.

— ஸ்டார் கீது... நவுத்தறேன்.

— கிடைச்சுதா?

— டீச்சர்...

— உள்ள ஒரு டிபன் பாக்ஸ் இருக்கும். மூடியில பேரு வெட்டியிருக்கும், படி.

— படிச்சிட்டேன் டீச்சர்.

— இந்தக் காதுக்குக் கேக்கற மாதிரி படிப்பா.

— கமர்... கமர் ஜஹான்.

— புகையில யாரோ என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. இறங்கிப் பாத்தா என் பை கையில இல்ல, இதுதான் இருந்துச்சு.

— வாசல்லயே உங்களைத் தெரிஞ்சுச்சு டீச்சர். சொல்ற தைரியம் வரல. போலீஸ் வண்டி நின்னா இன்னிக்கும் வேற தெருவுல பூந்துடறேன்... வெடிச்சது இந்தப் பை இல்லன்னு நீங்க அவங்களுக்குக் காட்டியிருக்கலாமே?

— காட்டலாம்னுதான் ரெண்டு தடவை கிளம்பினேன். மூடியில இருக்கிற பேரைப் படிச்சாங்கன்னா அதுக்கு மேல எதையும் படிக்க மாட்டாங்களேன்னு பயம். உள்ள இருந்த சோத்தைக் கொட்டிக் கழுவி, மேல வெச்சுட்டேன்.

— மாட்டியிருந்தா உங்களுக்கும் கஷ்டமாச்சே. தூக்கிப் போட்டிருக்கலாம்ல?

— எப்படிடா போடுவேன்? பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனியே.