அனுமதி சரிபார்க்கப்படுகிறது

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கலாம், வக்கீலம்மா. அதில் தப்பில்லை. என் அக்கா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். ஏன் செய்தேன் என்பதை மட்டும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். விளையாட்டை உருவாக்குவது மற்றவர்கள். அது திருட்டுப் போகாமல் காப்பது நான். ஏற்பாடு எளிமையானது. விளையாடுகிறவரின் கணினி இணையம் வழியாக எங்கள் சர்வரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்: இவர் முறையாக வாங்கியவர்தானா? சர்வர் ஆமாம் என்றால் ஆட்டம் தொடரும். இணையம் அறுந்தால் திரை அப்படியே நின்று, 'அனுமதி சரிபார்க்கப்படுகிறது' என்று வரும்.

புகார்கள் வராமலில்லை. கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர், நடுக்கடலில் இணையம் இல்லை, வாங்கிய விளையாட்டைத் திறக்கவே முடியவில்லை என்று எழுதினார். கரைக்கு வந்ததும் விளையாடும்படி பணிவாகப் பதில் போட்டேன். பூட்டை உடைத்துத் திருட்டுப் பிரதி எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை என்னால் பிடிக்க முடியவில்லை. கைக்கு அகப்படுகிறவர்களைத்தானே பிடிக்க முடியும்.

அக்காவும் மாமாவும் எங்கள் பண்ணை விளையாட்டை ஒழுங்காகக் கடையில் வாங்கியவர்கள். அதற்குள் ஒரு வீடு கட்டிக் கோழி வளர்த்தார்கள். வாசற்கதவைத் திறந்தால் கேட்கும்படி மாமா தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார்: "வந்துட்டியா? கதவைச் சாத்து, கோழி ஓடிடும்."

மாமா இறந்த பிறகு அக்கா அந்தக் கதவைத் திறப்பாள், சாத்துவாள், மறுபடி திறப்பாள். அவ்வளவுதான் அவள் ஆடிய ஆட்டம். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

விளையாட்டு பழசாகி ஆட்கள் குறைந்தபோது, சர்வரை நிறுத்திவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். அக்கா அலுவலகத்துக்கே வந்தாள்.

"அந்த வீட்டை மட்டும் எடுத்துக் குடுடா. நாங்க வாங்கினதுதானே?"

"நீங்க வாங்கினது விளையாடுற அனுமதியைக்கா. விளையாட்டை இல்ல."

"அப்போ உங்க மாமா குரல்?"

"அது எங்க சர்வர்லதானே இருக்கு."

வெயிலிலும் மழையிலும் குடையோடு வருவதால் எங்கள் புரோகிராமர் ஒருவருக்குக் குடைக்காரர் என்று பெயர். பக்கத்து மேசையிலிருந்து இதைக் கேட்ட அவர், சர்வர் நிற்பதற்குள் அந்த வீட்டைப் பிரதியெடுத்து, பூட்டைக் கழற்றி, அக்காவின் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? அக்காவேதான் கூப்பிட்டுச் சொன்னாள். "வாடா, வந்து உங்க மாமா பேசுறதைக் கேளு" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

போனேன். கேட்டேன். இணையமே இல்லாமல், யாரையும் கேட்காமல் கதவு திறந்தது. எனக்கு உடம்பு கூசியது. கூடப்பிறந்தவள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டால் நாளைக்கு ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் டீ போட உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் அழித்துவிட்டேன்.

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு தரம் கேட்கலாம் என்று அவள் மவுஸைத் தொட்டாள். தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள்.

"எங்கேடா போச்சு?"

"பூட்டு இல்லாம இருந்துச்சுக்கா."

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள், பாதிதான் குடித்திருந்தேன். குடைக்காரரை வேலையை விட்டு எடுத்ததும் நான் சொல்லித்தான்.

பிரதி எங்காவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அழிப்பதற்கு முன் ஒன்று எடுத்து என் லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன், சாட்சியத்துக்காக. அவ்வப்போது கதவைத் திறந்து பார்ப்பேன். மாமா நல்ல மனிதர். என்னையும் வந்துட்டியா என்றுதான் கேட்கிறார்.

அதை அக்காவிடம் கொடுத்துவிடலாமே என்கிறீர்கள். படித்தவர் நீங்களே இப்படிக் கேட்டால் எப்படி, வக்கீலம்மா? திருட்டுப் பொருளை நான் எப்படிக் கொடுப்பேன்?