சிவப்புக் காருக்கு எந்தக் கிளட்ச்

"…காருங்களா அது? கெணத்துக்குள்ள எறங்கற மாதர எறங்கி உக்காரோணும், வெளிய வாரதுன்னா யாராச்சும் கையப் புடிச்சுத் தூக்கியுடோணும். ரெண்டே சீட்டு. ஒரு சோத்துப் போசி வெக்க எடமில்லீங் தம்பி. கதவச் சாத்துனா சேலைத் தலப்பு வெளிய தொங்குது. இதப் போயி பெங்களூர்ல எவனோ ஓட்டிச் சலிச்சதத் தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்திருக்கறான் என்ற பையன். கிளட்ச்சு புதுசு, அஞ்சு வருசத்துக்குத் தொடவே வேண்டாம்னு சொல்லித்தான் குடுத்தாங்களாமா. எட்டு மாசம் ஆகுலீங்…"

நெருப்பெரிச்சல் ரோட்டில் இருந்த தன் ஒர்க்‌ஷாப்பில், அந்தச் சிவப்புக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு முனீஸ் கேட்டுக்கொண்டிருந்தான். கிளட்ச்சைக் கழற்றுவதென்றால் முதலில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதை நெஞ்சுக்கு மேலே தாங்கிக்கொண்டு யாருக்கும் பதில் சொல்ல முடியாது. செல்லாத்தாள் அம்மாவுக்கும் பதில் தேவைப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காரின் சக்கரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் போன பிறகு பத்து வருஷமாகப் பனியன் கம்பெனியை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். அவர் பேச ஆரம்பித்தால் கட்டிங் மாஸ்டரே கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பார்.

"என்ற பையன் தரணீதரன் வெள்ளிக்கெழமை வெடியால ஜெர்மனியிலிருந்து வந்து எறங்கீருவானுங். பனியன் வாங்கற பையரப் பாத்துட்டு வாரவன் மொதல்ல அம்மாவப் பாப்பான்னா நெனைக்கறீங்? காரத்தான் பாப்பான். அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங். ரெண்டு கிளட்ச்சு டப்பா வாங்கி வெச்சிருக்கறீங்களே, எது நல்லதுங்? இது பழையதாட்டவே இருக்கும்னீங். அது கோயமுத்தூர்ல ரேஸ் ஓட்டற பசங்க போடறது, கெட்டியாப் புடிக்கும், ஆனா அழுத்துனா காலு நோகும்னீங். எனக்கென்னங் தெரியும்? பனியன் துணின்னா கையில தொட்டு இது எத்தனாம் நம்பர் நூலுன்னு சொல்லுவேன். இது இரும்பு."

முனீஸ் பழைய கிளட்ச் பிளேட்டை வெளியே தள்ளினான். அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி கருகியிருந்தது. மேல்பூச்சு மொத்தமும் தேய்ந்து ஆணித்தலை தெரிந்தது.

"அட சாமி. பாருங் எப்பிடிப் பண்ணி வெச்சிருக்கறான்னு. எல்லாம் அந்த வாட்ச்மேன் வீரணன் பண்ணுனதுதானுங். சாவி அவங்கிட்டத்தான இருந்துச்சு. தொடச்சு வையிடான்னா ஓட்டிப் பாத்திருக்கறான். பையன் போன்ல சொல்லிப்புட்டான், அவன வேலைய உட்டு நிறுத்தீருங்கம்மான்னு. நானும் திங்கக்கெழமை கணக்கு முடிச்சு அனுப்பியுட்டேன். எதுத்து ஒரு வார்த்தை பேசுலீங். பேசியிருந்தாலாச்சும் பரவால்ல. தலையக் குனிஞ்சுட்டுப் போனான், அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது…"

காருக்கு அடியில் முனீஸின் கை நின்றது. வீரணனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவன்தான். ரெண்டு பேருக்கும் உசிலம்பட்டிப் பக்கம். திங்கட்கிழமை சாயந்தரம் முனீஸின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த வீரணன், முனீஸின் மனைவி நதியா வைத்த சோற்றைத் தொடவில்லை. "நான் தொடக்கூட இல்லண்ணே" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சாவியை எடுத்துக்கொண்டு போனது யார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

"என்ன தம்பி சத்தத்தையே காணம்? செய்யுங், செய்யுங். நான் பாட்டுக்குப் பேசறேன். ஓட்டத் தெரியாதவன் தொட்டா இப்பிடித்தான். நாயித்துக்கெழமை அவிநாசிபாளையத்துக்கிட்ட மேடு ஏறறப்பவே கருகுன நாத்தமுங், துணிக்கு அயர்ன் பெட்டிய வெச்சுட்டு மறந்தாப்பல. நான் பக்கத்து மில்லுன்னு நெனச்சுக் கண்ணாடிய ஏத்தியுட்டுட்டு முடுக்கறேன், முடுக்கறேன், எஞ்சின் கத்துதே ஒழிய வண்டி நவுர…"

பேச்சு அங்கேயே அறுந்தது.

முனீஸ் மெதுவாக வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். பழைய துணியை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தான். அந்த ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கு முதல் தடவையாக எதிர்ப் பட்டறை சுத்தியல் சத்தம் கேட்டது.

"என்னங் தம்பி அப்பிடிப் பாக்கறீங். சரி, நாந்தான். போதுங்களா? பதினாறு வயசுல குன்னத்தூர்ல எங்கப்பன் ட்ராக்டர ஓட்டுனவளுங் நானு. கண்ணாலம் ஆனதுக்கப்பறம் ஸ்டேரிங்கத் தொட யாரு உட்டாங்க? முப்பத்தஞ்சு வருசம் பின்னாடி சீட்டுலயே உக்காந்திருந்தேன். இதுல பின்னாடி சீட்டே இல்லியே, நான் என்ன பண்ணுவேன்? பையன் பிளேன் ஏறுன அடுத்த நாளே எடுத்துட்டேன். பத்து நாளும் வெடியால ரோடு காலியா இருக்கறப்ப ஒரு ரவுண்டு. தாராபுரம் ரோட்டுல காத்து மூஞ்சியில அடிக்கறப்ப… அத உங்களுக்குச் சொன்னாப் புரியாது. நின்னு போன வண்டியக் கயித்தக் கட்டி வேன்ல இழுத்துட்டு வந்தமுங். அன்னைக்குன்னு பாத்து அவன் போன் பண்ணி, கார் நின்னு போச்சுன்னதும் யாரும்மா ஓட்டுனதுன்னான். வாட்ச்மேன்னு வாயில வந்துருச்சு. நெசமாலுமே யோசிக்கறதுக்கு முன்னாடி வந்துருச்சுங் தம்பி. ஐம்பத்தஞ்சு வயசுல பெத்த பையனுக்குப் பயந்து பொய் சொல்லுவேன்னு நானே நெனைக்குலீங்."

முனீஸ் பிளேட்டைத் திருப்பிக் காட்டி, இடது காலைத் தரையில் அழுத்தி ஏதோ சொன்னான்.

"காலா? ஆமா, பின்ன அத எங்க வெக்கறது? கிளட்ச்சு மேலயேதான் வெச்சிருப்பேன். ட்ராக்டர்லயும் அப்பிடித்தான… ஓ. அதுலதான் தேயுதுங்களா? அப்ப எதப் போட்டாலும் நான் ஓட்டுனா கருகீருமா? ஊத்துக்குளி ரோட்டுல சிக்னல்ல நிக்கறப்பக்கூட அதும்மேல கால வெக்கக் கூடாதுங்களா? அதாவது எடுத்தரோணுமா. ம்."

அம்மா எழுந்து போய் ரெண்டு டப்பாவையும் தூக்கிப் பார்த்தார். பழையதைப் போன்ற கிளட்ச்சைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இதப் போட்டா அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டுவான், நல்லாருக்குதும்பான். வீரணனத்தான் கடைசி வரைக்கும் திருடன்னே நெனைப்பான். அதப் போட்டா காலு வெச்ச ஒடனே, இதென்னம்மா இப்பிடி இருக்குதும்பான். அப்ப நான் சொல்லித்தான் ஆகோணும்." டப்பாவை வைத்துவிட்டு மற்றதை முனீஸ் மடியில் போட்டார். "கெட்டியா இருக்கறதையே போடுங். அழுத்தவே நோவட்டும். அப்பத்தான் என்ற காலு அதும்மேல போயி உக்காந்துக்காது."

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே வீரணன் இறங்கினான், ஆறடி ஆள், கையில் யூனிபாரம் இருந்த மஞ்சப்பை.

"போயிக் கூட்டியாந்துட்டேனுங் தம்பி. அவன் இருக்கற லைன் ஊட்டு வாசல்ல நாலு பேரு பாக்கறாப்பல, தப்பு என்ற மேலதான்னு சொன்னேன். சரிங்கம்மான்னான், அத்தோட செரி. நேத்து ராத்திரியே பையனுக்கும் போன் போட்டுச் சொல்லிப்புட்டேன். மொதல்ல, லைசென்சு இருக்குதாம்மான்னுதான் கேட்டான். அது ஒரு கத தம்பி… ஏறு வீரணா."

வீரணன் முனீஸைப் பார்த்தான். முனீஸ் தலையை ஆட்டினான். முழங்கால் தாடையில் இடிக்க அவன் மடங்கி உள்ளே உட்கார்ந்தான்.

அம்மா ஸ்டேரிங்கைப் பிடித்தார். கார் ரெண்டு தடவை துள்ளி அணைந்தது. மூன்றாவது தடவை தவளை மாதிரி குதித்து ரோட்டில் ஏறியது. வேகத்தடை தாண்டியதும் நின்றது. இடது பக்கக் கதவு திறந்து வீரணன் இறங்கினான். குனிந்து உள்ளே ஏதோ மரியாதையாகச் சொல்லி, கதவை அலுங்காமல் சாத்திவிட்டு, கம்பெனிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

கார் அவன் கூடவே ஊர்ந்து போனது. கண்ணாடி இறங்கியிருந்தது. வளைவு வரைக்கும் அம்மாவின் குரல் முனீஸுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.